சம்பளச் சீட்டு இல்லாதவள்

காரைக்குடியில் கடல்கடந்து போனவர்களின் கதை என்றால் அது ஆண்களின் கதை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிக்க'ப் போன நகரத்தாரின் வீடுகளைத்தான் வருகிறவர்களுக்குக் காட்டுகிறோம். மலேயாத் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிப்போன பெண்களைப் பற்றி அங்கே பேச்சு வராது. அந்தத் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் ஒரு காகிதம் உண்டு: சம்பளச் சீட்டு. முதலாளியின் கடையை நடத்தப் போன ஏஜெண்டுக்கு மூன்றாண்டுத் தவணை, சம்பளம், முன்பணம் எல்லாம் புறப்படும் முன்பே எழுத்தில் இருந்தன.

இன்று வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது? 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அரசு வகுத்த விதிப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவளுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். கட்டட வேலைக்குப் போகும் ஆணுக்கு இப்படியொரு வரம்பு இல்லை. 2016 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகவே அவளை அனுப்பலாம் என்றும் ஆனது. இதற்குப் பெயர் பாதுகாப்பு.

இந்தச் சொல்லைத்தான் நான் சந்தேகிக்கிறேன். வீட்டில் கடன் இருக்கிறவள் 30 வயதுவரை காத்திருப்பதில்லை. சுற்றுலா விசாவில் போகிறாள். பதிவு இல்லை, ஒப்பந்தம் இல்லை. சம்பளம் நின்றால் தூதரகத்தில் காட்ட ஒரு தாள்கூட இல்லை. அவளைக் காக்க வந்த விதியே அவளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

வரம்பை எடுத்தால் ஏஜெண்டுகள் இன்னும் சின்னப் பெண்களைப் பிடிப்பார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் கடிவாளம் ஏஜெண்டுக்குப் போட வேண்டியது. அதை ஏன் அவள் கழுத்தில் மாட்ட வேண்டும்?

அவளுக்கு வேண்டியது தேதி தவறாத சம்பளம், தூக்கம், வார விடுப்பு, தன் கையில் பாஸ்போர்ட். குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டளவிலாவது இவற்றைப் பேசியது. நாளுக்கு 12 மணி நேரம் என்று உச்சவரம்பும் வைத்தது. வீட்டுவேலையை வேலையாக ஏற்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

காரணம் தொலைவில் இல்லை. நம் அடுப்படியில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் நாம் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளருக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டதே 2018இல்தான். வீட்டுக்குள் நடப்பதை வேலை என்று எண்ணாத சமூகம், அவள் உழைக்கும் மணி நேரத்தை விட்டுவிட்டு வயதைக் கணக்கெடுக்கிறது. குவைத்திடம் நாம் கேட்கும் ஒப்பந்தத்தை முதலில் காரைக்குடியில் எழுதத் தொடங்கலாம்.