பூக்காரியின் பேச்சும் கௌச்சோவின் பாட்டும்

பெர்னாட் ஷாவின் ‘பிக்மாலியன்’ 1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியிலும், 1914இல் லண்டனில் ஆங்கிலத்திலும் அரங்கேறியது. மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் நின்று, அவரவர் பேச்சைக் கேட்ட அளவிலேயே அவரவர் ஊரைச் சொல்லிவிடுகிறார் ஒலிநூற் பேராசிரியர் ஹிக்கின்ஸ். லண்டன் உழைப்பாளர் பேசும் காக்னி வழக்கில் வளர்ந்த பூக்காரி எலைசாவைச் சில திங்களிற் சீமாட்டியாக நடமாட வைப்பதாகவும் சொல்கிறார். வாய் திறந்ததும் ஒருவனுடைய தகுதியை எடைபோடும் ஆங்கில நாட்டுக் கொடுமையைச் சாடுவதே ஷாவின் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. எனினும் எலைசாவின் வழக்கை நாடகம் நடத்தும் முறையைப் பார்த்தால், ஆசிரியரின் கை தயங்குவது புலனாகும்.

முதற் காட்சியில் அவள் பேச்சை ஒலித்தவாறே எழுதத் தொடங்குகிறார் ஷா. சில வரிகளே செல்கின்றன. உடனே ஒரு குறிப்பு: ஒலிநெடுங்கணக்கு இல்லாமல் இவ்வழக்கை எழுதினால் லண்டனுக்கு வெளியே எவருக்கும் விளங்காதாம், ஆகவே முயற்சி கைவிடப்படுகிறதாம். அதன்பின் பெரும்பாலும் வழக்கமான எழுத்திலேயே அவள் பேசுகிறாள். எஞ்சியதை நடிகையின் நாவே நிரப்ப வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலின் குறையை ஷா நன்கறிந்தவர். புதிய நெடுங்கணக்கு ஒன்று வகுப்பதற்கெனத் தம் உயிலிற் பொருள் ஒதுக்கியவர். அவர் கூறிய காரணம் உண்மையே. ஆயினும் ஒலியையே பொருளாகக் கொண்ட நாடகத்தில் அவ்வொலிக்கு இடம் இல்லாமற் போயிற்று.

நாடகத்தின் உயர்ந்த இடம் மூன்றாம் அங்கம். ஹிக்கின்ஸின் தாயார் வீட்டு விருந்தில் எலைசாவின் ஒலிப்பு மாசற்றிருக்கிறது. சொல்லும் செய்தியோ, அத்தை காய்ச்சலால் இறக்கவில்லை, வீட்டாரே தீர்த்துவிட்டனர் என்பது! விருந்தினர் அதனைப் புதுப்பாணி உரையாடல் என்று எண்ணி வியக்கின்றனர். ஒலிப்பு வேறு, வழக்கு வேறு என்பதை இதனினும் தெளிவாக எந்த இலக்கண நூலும் காட்டியதில்லை. ஒலிப்பு நாவின் பழக்கம். வழக்கோ சொல்லும் தொடரும் வாழ்வும் சேர்ந்தது. ஹிக்கின்ஸ் மாற்றியது முன்னதை மட்டுமே. இறுதி அங்கத்தில் எலைசா தன்னை அயல்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தைக்கு ஒப்பிட்டு, தன் மொழி மறந்துபோயிற்று என்கிறாள். திருத்தம் கேட்ட விலை அது. அதற்கு ஹிக்கின்ஸிடம் தக்க விடை இல்லை. ஷாவும் அதன்மேல் நெடிது நிற்கவில்லை.

நாடக நூலில் முதலில் இல்லாத ஓர் ஒலிப்பயிற்சித் தொடர், ஸ்பெயினில் பெய்யும் மழையைப் பற்றியது, 1938ஆம் ஆண்டுத் திரைப்படத்திற் புகுந்து, 1956இல் ‘மை ஃபேர் லேடி’ இசைநாடகத்திற் பாட்டாயிற்று. 1964ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் ஸ்பானிய ஆக்கத்தில் அம்மழை செவில் நகருக்கு மாறிப் பெய்கிறது. எதுகைக்காக வந்த ஊர்தான். ஆனால் இதனினும் பெரிய வேடிக்கை வேறில்லை. ‘காஸா’ என்றால் வீடு. ‘காதா’ என்றால் வேட்டை. மாட்ரிட் நகரத்தார் பின்னதில் நாநுனியைப் பல்லிடை வைத்து இரண்டையும் பிரித்தொலிப்பர். செவில் நகரத்திலோ இரண்டும் ‘காஸா’வே, சுற்றுப்புறச் சிற்றூர்கள் பலவற்றில் இரண்டும் ‘காதா’. ழகர ளகர வேறுபாட்டோடு மல்லாடும் தமிழாசிரியர்க்கு இந்த இடர் புதிதன்று. மாட்ரிட் ஒலிப்பு கொன்னல் அரசன் ஒருவனைப் பார்த்து எழுந்தது என்பது வெறுங் கட்டுக்கதை. கொன்னல் என்றால் சகரமே ஒலிக்காதே!

1503 முதல் அமெரிக்க வாணிகத்தின் வாயிலாக இருந்தது செவில். அமெரிக்க நாடுகளில் வேரூன்றியதும் அத்தென்னாட்டு ஒலிப்பே. இன்று ஸ்பானியம் பேசுவோரிற் பெரும்பாலோர் இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. மாட்ரிட்டின் அரச மொழிக்கழகமும் அதனைக் கற்றோர் வழக்காகவே ஏற்கிறது. எலைசாவுக்கு அத்தகைய கப்பல் வாய்க்கவில்லை.

அர்ஜென்டினாவின் ஹோஸே எர்னாந்தஸ் சென்ற வழி வேறு. 1872இல் வெளிவந்த ‘மார்த்தின் ஃபியரோ’ என்னும் நெடும்பாட்டைக் குதிரையேறி மாடு மேய்க்கும் கௌச்சோ ஒருவனே தன் வாயாற் பாடுகிறான். ‘ஃபுவெர்த்தே’ என்னும் சொல்லை ‘ஹுவெர்த்தே’ என்றும், ‘நாதியே’ என்பதை ‘நாய்தெஸ்’ என்றும் கௌச்சோ ஒலிப்பது போலவே அச்சிட்டார் ஆசிரியர். எழுத்தும் ஒலியும் நெருங்கிய ஸ்பானியத்தில் இது எளிது. ஆங்கிலத்தில் இவ்வாறு எழுதினால் எழுத்தறியாமை போலத் தோன்றும். ஷாவின் பக்கம் இவ்வளவு நியாயம் உண்டு. எர்னாந்தஸ் கௌச்சோ அல்லர்; இதழாளர், அரசியலாளர். ஆயினும் பாட்டினுள் திருத்த வரும் பேராசிரியர் எவரும் இல்லை. எல்லைக் காவலுக்கு வலிந்து பிடித்துச் செல்லப்பட்டு, வீடும் மனைவி மக்களும் இழந்த ஒருவனின் துயரம் அவன் வழக்கிலேயே வருவதால், எவரும் சிரிப்பதில்லை. நாட்டுப்புறக் கடைகளில் ஒருவர் படிக்க, எழுத்தறியாதோர் கூடியிருந்து கேட்டனர். 1879இல் இரண்டாம் பகுதியும் வந்தது. பிற்காலத்தில் லுகோனெஸ் என்னும் கவிஞர் இதனை நாட்டின் காப்பியம் என்று நிறுவ முற்பட்டார்.

‘பிக்மாலியன்’ இறுதி அங்கத்திலும் எலைசாவின் பழைய ஒலி ஒருமுறை திரும்புகிறது. புத்தாடை அணிந்து வந்த தந்தை தோளைத் தொட்டதும், திடுக்கிட்டு அந்தப் பழைய கூவலைக் கூவிவிடுகிறாள். ஹிக்கின்ஸ் வெற்றி வெற்றி என்று ஆர்ப்பரிக்கிறார், அரங்கமும் சிரிக்கிறது.