பாவனையும் திரிபும்

பத்தியானது தன்னையுடையார்க்கு உலகினை உள்ளவாறு காட்டாது வேறாகக் காட்டுமாதலின், அது திரிபுணர்ச்சியே என்பர் ஒருசாரார். அவர் கூற்று ஆராயற்பாலது.

திருவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், வடபத்திரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும், தம்மை ஆய்ச்சியருள் ஒருத்தியாகவும் பாவித்து ஆண்டாள் திருப்பாவை அருளினார் என்பது வைணவ மரபு. கயிற்றை அரவென்று மருள்வான் கயிற்றினை அறியான். அறிந்தவழி அரவுணர்ச்சி நில்லாது. ஆண்டாளோ முப்பதாம் பாசுரத்தில் தம் ஊரைப் புதுவையென்றும் தம்மைக் கோதையென்றும் தாமே குறிக்கின்றார். ஊரும் பேரும் மறவாதே ஆயர்பாடியைக் கண்டமையின், அக்காட்சி திரிபன்று, பாவனையேயாம்.

இதன் இயல்பு நம் நூலானும் விளங்கும். சிவஞான சித்தியார் ஒன்பதாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர் கருட தியானத்தை உவமையாக்கினார். மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவிக்க விடம் தீரும் என்ப, அவன் புள்ளாய்விடான். அங்ஙனமே சிவோகம்பாவனையான் மலம் நீங்கும், உயிர் பதியாய்விடாது. எனவே, பாவனைக்கு உரைகல் அதன் பயனேயாம். தற்போதம் தேயின் அது பாவனை, வளரின் மருட்கையே.

திருவில்லிபுத்தூர் மடவார்விளாகத்து வைத்தியநாதரைத் தொழுவார் புள்ளிருக்குவேளூரையும், இராசபாளையத்து மாயூரநாதரைத் தொழுவார் மயிலாடுதுறையையும் திருநாமம் ஒன்றாதல் பற்றி உள்ளத்தே காண்டல் கூடும். பாண்டிநாட்டில் நின்று காவிரிக்கரையைக் கண்ட அவரை மருண்டார் என்னலாமோ?

ஆதலின், சமயம் வேறென்பது பற்றி ஆண்டாள் கண்ட காட்சியைப் பொய்யென்று இகழும் சைவர், தம் சிவோகம்பாவனைக்குரிய அரணையும் தாமே இடித்தாராவர் என்க.