தன்மாத்திரையும் தாய்மொழியும்

மறதியைக் குற்றமெனக் கொள்வது நம் மரபு. வள்ளுவர் பொச்சாவாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கடமையை மறந்தவனைக் கடிந்து திருத்தலாம்; தன்னையே மறப்பவனை என் செய்வது? வீட்டு முதியவருக்கு அந்நிலை நேரும்போது, "வேண்டுமென்றே செய்கிறார்" என்னும் சொல்லே நம் இல்லங்களில் இன்றும் முதலில் எழுகிறது.

1901ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், அல்சைமர் என்னும் மருத்துவர் அகுஸ்தே என்ற பெண்மணியிடம் அவள் கணவரின் பெயரைக் கேட்டார். அவளோ தன் பெயரையே விடையாகச் சொன்னாள். பிற யாவும் நழுவிய பின்னும் அப்பெயர் நாவில் நின்றது. அவ்வாறாயின் 'நான்' என்பது எங்கே தங்குகிறது? இவ்வினாவோடு இரண்டு திரைப்படங்களை நோக்கலாம்.

முதலாவது, பிளெஸி இயக்கி 2005இல் வெளிவந்த 'தன்மாத்ர'. பத்மராஜனின் 'ஓர்ம' என்னும் சிறுகதையைத் தழுவிய இப்படம் கொச்சித் தமிழர்க்குப் புதியதன்று. பாரதியின் கண்ணம்மா பாட்டு ஒன்று அதில் தமிழிலேயே ஒலிக்கக் கேட்டு நெகிழ்ந்தவர் நம்மில் பலர். கதைத்தலைவர் ரமேசன் நாயர் தலைமைச் செயலக ஊழியர்; தாம் எட்டாத ஐ.ஏ.எஸ். பதவியை மகன் எட்டவேண்டும் என்பது அவர் கனவு. அலுவலகக் கோப்பு ஒன்று வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் கிடைக்குமிடத்தில் நம் சிரிப்பு பாதியில் உறைகிறது. மோகன்லாலின் நடிப்பைப் பற்றி இனிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை.

எனினும் எனக்கொரு குறை உண்டு. இப்படம் ரமேசனை அவருடைய பதவியாலும் கனவாலும் அளக்கிறது. அவை போனதும் அவர் இரக்கத்துக்குரிய பொருளாகிவிடுகிறார். தலைப்போ வேறொன்றைச் சொல்கிறது. ஓசை, தொடுகை, உருவம், சுவை, மணம் என்னும் நுண்புலன்களே தன்மாத்திரைகள் என்பது சைவ சித்தாந்தம் பயின்றோர் அறிந்ததே. அகங்காரத்திலிருந்து அவை தோன்றின என்பர் தத்துவ நூலார். 'நான்' ஒடுங்கிய பிறகும் ஓசையும் தொடுகையும் எஞ்சுமாயின், அங்கே யார் எஞ்சுகிறார்? தலைப்பு எழுப்பிய இந்த வினாவைத் திரைக்கதை இறுதிவரை பின்தொடரவில்லை.

அதைப் பின்தொடர்ந்தது, எதிர்பாராத வகையில், ஒரு காதற் படம். மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015) இளையோர் இருவரைப் பற்றியது. நாம் நினைவில் கொள்வதோ அவர்கள் தங்கும் வீட்டின் முதியவர்களை. கருநாடக இசையில் தோய்ந்த பவானியாக லீலா சாம்சனும், கணவர் கணபதியாகப் பிரகாஷ்ராஜும் நடித்தனர். பவானி மறந்ததைக் கணபதி நினைவில் வைத்திருக்கிறார். அவளுடைய 'நான்' பாதி அவரிடம் வாழ்கிறது. நோயாளியின் தன்மை அவருக்குள் மட்டுமன்றி அவரை அறிந்தோரிடமும் இருக்கிறது என்பதை, உரையாடலில் சொல்லாமல் காட்டியது இப்படத்தின் சிறப்பு. ஆனால் உறக்கமற்ற இரவுகளும், குளிப்பாட்டலும், சலிப்பும் இங்கே இல்லை. பராமரித்தவர்கள் இந்த அழகைச் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பர்.

மற்றொரு குறை நமக்கே உரியது. இது மும்பையில் நிகழும் கதை. ஆயினும் மொழியின் நெருக்கடி எங்குமில்லை. திரைப்பட மும்பை தாராளமாகத் தமிழ் பேசுகிறது! அண்மை நினைவுகள் முதலில் அழிய, பழையவை நெடுநாள் நிற்கும் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881இலேயே எழுதினார். மொழிக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்: பிற்காலத்தில் கற்றது முன்னே நழுவ, தாய்மொழி பின்னே தங்குவதுண்டு. குடிபெயர்ந்த குடும்பங்களில் இதன் விளைவு கடுமையானது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நாற்பதாண்டு மலையாளம் பேசி வாழ்ந்தவர் ஒருநாள் தமிழுக்கு மட்டுமே விடையிறுக்கலாம். காக்கநாட்டு அடுக்குமாடியில் அவரோடிருக்கும் பேத்திக்கோ அத்தமிழ் பாதி விளங்காது. கணபதி பவானிக்குச் செய்ததை அவள் எந்த மொழியில் செய்வாள்?

இரு படங்களும் தொடாத இடம் இதுவே. இதனை எழுதுவோர் அந்தப் பேத்தியிடமிருந்து தொடங்கவேண்டும் என்பது என் விருப்பம். தாத்தா கேட்கும் சொல்லுக்குப் பொருள் தெரியாமல், அடுத்த அறையிலிருக்கும் தன் அம்மாவிடம் ஓடுகிறாளே, அந்தக் கணத்திலிருந்து.