கொடிவழி நூல்களும் மறைக்கப்படும் மூலங்களும்

அண்மைக் காலமாக நம் சமுதாயத்தில் குடும்பக் கொடிவழிகளைத் தொகுத்து நூலாக்கும் ஆர்வம் பெருகி வருகிறது. ஆசிரியர், வணிகர், ஓய்வு பெற்ற அலுவலர் எனப் பலரும் சொந்தப் பொருள் செலவிட்டு இதில் ஈடுபடுகின்றனர். இரத்த உறவைப் பேணுமளவுக்கு வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்க, இம்முயற்சி பாராட்டுக்குரியதே. ஆயினும் நம் பார்வைக்கு வந்த நூல்கள் பலவற்றில் ஒரு குறை உண்டு. செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பதை அவை சொல்வதில்லை. சொன்னாலும் மாற்றிச் சொல்கின்றன.

சான்று ஒன்று தருவோம். கடற்கரையூர்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய நான்கு நூல்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். மூதாதையர் ஒருவர் ஹிஜ்ரி 1223இல் மறைந்ததாக நான்கும் கூறுகின்றன. 'மீஸான் கல்லில் கண்டபடி' என்று நான்கும் குறிக்கின்றன. அவருடைய கடைசி மகள் பிறந்ததோ, வீட்டிலுள்ள அரபுத்தமிழ்க் குறிப்பேட்டின்படி, 1230இல். ஐயம் எழவே நேரில் சென்று கல்லைப் பார்த்தோம். அதிலிருப்பது 1233. அரபு எண்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு பல்லே வேற்றுமை; உப்புக்காற்றில் அது தேய்ந்திருந்தது. முதலில் படித்தவர் வெயிலில் நின்று உழைத்தவர். அவர் தவறியது மன்னிக்கத்தக்கது. மற்ற மூவரும் கல்லைக் காணவே இல்லை. அவருடைய நூலைக் கண்டு, கல்லைக் கண்டதாக எழுதிவிட்டனர்.

இடையிலுள்ள அறிவிப்பாளரை மறைத்து, அவருக்கு மேலுள்ளவரிடமே பெற்றதுபோலத் தோன்றச் செய்வதை ஹதீஸ் கலையினர் 'தத்லீஸ்' என்பர். மூவர் செய்தது அதனையொத்ததே. இதனால் உழைத்தவர் பெயர் மறைந்தது; அதனினும் பெரிய தீங்கு, ஒருவருடைய பிழை நால்வருடைய சாட்சியாக உருமாறியது. ஒருவரிடமிருந்தே எத்தனை பேர் படியெடுத்தாலும் அது தனியொருவர் அறிவிப்பேயன்றி 'முதவாத்திர்' ஆகிவிடாது. மூலம் குறித்தல் வெறும் நன்றியறிதலன்று. பிழையைத் தேடிச் செல்வதற்குரிய வழியும் அதுவே.

இமாம் சுயூத்தி (ரஹ்), இமாம் கஸ்தல்லானி (ரஹ்) ஆகியோரிடையே நிகழ்ந்த வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. தம் நூல்களிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தாள்வதாகக் கஸ்தல்லானி மீது சுயூத்தி ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அன்ஸாரி (ரஹ்) முன்னிலையில் முறையிட்டார். பைஹகீயை மேற்கோள் காட்டும் இவர், பைஹகீயின் எந்த நூலில் அதனைக் கண்டார் எனச் சொல்லட்டும் என்று கேட்டார். விடை கிடைக்கவில்லை. அவ்வாறாயின், 'பைஹகீ கூறியதாகச் சுயூத்தி எழுதியுள்ளார்' என்றல்லவா குறித்திருக்க வேண்டும் என்பதே சுயூத்தியின் வாதம். நம் நூலாசிரியர் மூவரிடமும் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

வமிசாவளித் துறையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி 562இல் மறைந்த ஸம்ஆனியின் 'அல் அன்ஸாப்' என்னும் பெருநூலை 630இல் மறைந்த இப்னுல் அஸீர் 'அல்லுபாப்' எனச் சுருக்கினார். மூல ஆசிரியரை முன்னுரையிலேயே போற்றினார். அவர் விட்டதைச் சேர்க்குமிடத்தில் 'நான் சொல்கிறேன்' எனப் பிரித்துக் காட்டினார். பின்னர் அதனையும் சுருக்கிய சுயூத்தி தம் நூலுக்கு 'லுப்புல் லுபாப்' என்றே பெயரிட்டார். தலைப்பே முன்னோரைச் சுட்டுகிறது.

எழுத்தில் மட்டும் கண்டதை 'இன்னார் கையெழுத்தில் கண்டேன்' என அறிவிக்கும் முறைக்கு 'விஜாதா' என்று பெயர். பாட்டனாரின் குறிப்பேடாயினும், ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தராயினும், மற்றவர் அச்சிட்ட நூலாயினும் நம் தொகுப்பாளர்கள் இவ்வாறு ஒரு வரி எழுதினால் போதும்.

மறுபக்கமும் உண்டு. தம் உழைப்பு களவாடப்பட்டதெனப் புண்பட்டோர் சிலர், தாம் சேர்த்த ஏடுகளைப் பெட்டியில் பூட்டி வைத்து எவருக்கும் காட்ட மறுக்கின்றனர். அவர்கள் மனவேதனையை நாம் அறிவோம். ஆனால் பூட்டிய ஏட்டைக் கரையான் தின்னும். காற்றில் கல்லும் தேயும். படியெடுத்து நால்வருக்கு அளித்து, பெயர் குறிக்குமாறு எழுத்தில் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை.

கஸ்தல்லானி பின்னொரு நாள் கெய்ரோவிலிருந்து ரவ்ளாத் தீவு வரை வெறுங்காலுடன் நடந்து சென்று, சுயூத்தியின் கதவைத் தட்டி, மனநிறைவு வேண்டினார் என்பர். மனம் நிறைந்துவிட்டதெனச் சுயூத்தி உள்ளிருந்தே கூறினார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. எடுத்தாள்வோர் கஸ்தல்லானியைப் போல் நடந்து செல்லட்டும். ஏடுகளை வைத்திருப்போர் கதவையும் திறக்கட்டும்.