அசலுக்கு முன்னால் வரும் பகடி

பகடியைப் பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சு எல்லாவற்றிலும் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. வாசகனுக்கு மூலம் தெரியும் என்பது அது. மூலம் அவன் பிரக்ஞையில் ஏற்கனவே படிந்திருக்கிறது, பகடி வந்து அதன்மேல் உராய்கிறது, உராய்வில் சிரிப்பு. பாங்க் கௌண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இது சுலபமாகப் புரிகிறது. கள்ள நோட்டில் விரல் தானாக நிற்பது நல்ல நோட்டை லட்சம் தடவை தொட்டிருப்பதால்தான். ஆனால் நல்ல நோட்டையே கண்டிராத ஒருவன் கைக்கு முதலில் வந்து சேர்வது கள்ள நோட்டு என்றால்? அமெரிக்க டெலிவிஷனின் குழந்தைகளுக்கான கார்ட்டூன்களில் பாப் பாடகர்களைக் கேலி செய்யும் அத்தியாயங்களைப் பற்றி யோசிக்கும்போது இந்தக் கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. அங்கே பார்வையாளனுக்கு ஏழு வயது. அவனிடம் மூலம் கிடையாது. (கார்ட்டூனைப் பற்றி இந்தப் பக்கங்களிலா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ரஸனை பத்தொன்பது வயதில் புத்தகக் கடையில் ஆரம்பிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.)

வழக்கம் பழையது. ‘ப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ 1960இல் பெரியவர்களையும் உத்தேசித்து இரவு நேரத்தில் ஆரம்பித்து, பிறகு மறு ஒளிபரப்புகளில் குழந்தைகளின் சொத்தாகிப்போன தொடர். 1963இல் அதில் ஆன்-மார்க்ரெட், ‘ஆன்-மார்க்ராக்’ என்ற பெயரில் வந்தார். கற்காலத்துக்குத் தோதாகப் பெயரில் ஒரு பாறையை வைத்ததற்குமேல் அதில் பரிகாசம் இல்லை. குரல் அவருடையதே, பாட்டும் அவருடையதே. விசேஷம், வீட்டுக்கு வந்திருக்கும் பெண் யாரென்று கதையில் ஃப்ரெட்டுக்கும் பார்னிக்கும் தெரியாது என்பது. பார்க்கிற குழந்தைக்கும் தெரியாது. ஒரு பெண் கைக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். அதற்கு எந்த மூலமும் வேண்டியிருக்கவில்லை. 1965இல் ஏ.பி.சி.யில் ஆரம்பித்த ‘தி பீட்டில்ஸ்’ கார்ட்டூன் வேறு ரகம். பாட்டுகள் நிஜம், பேசும் குரல்கள் இரவல். பால் ஃப்ரீஸும் லான்ஸ் பெர்சிவலும் ஆளுக்கு இருவராக நால்வருக்கும் பேசினார்கள். அது பகடியல்ல, வியாபாரம்.

நான் சொல்ல வந்தது 2001இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ தொடரின் ஒரு அத்தியாயத்தைப் பற்றி: ‘மீட் தி பீட்-ஆல்ஸ்’. எல்லோரையும் அடித்து வீழ்த்துகிறவர்கள் என்ற அர்த்தத்தில் பீட்டில்ஸின் பெயரைத் திருகியிருக்கிறார்கள். மூன்று சிறுமிகளின் எதிரிகளான நான்கு வில்லன்கள், தனித்தனியே தோற்றுச் சலித்து, ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். சேர்ந்தவுடன் வெல்ல முடியாதவர்களாகிறார்கள். குழுவின் மூளை மோஜோ ஜோஜோ என்ற குரங்கு. அதற்கு மோகோ ஜோனோ என்ற பெண் குரங்கின்மேல் காதல் உண்டாகிறது. அவள் நிகழ்த்துகலைக்காரி. அவள் வந்ததும் குழு உடைகிறது.

இதன் வசனம் அசாதாரணமானது. பாத்திரங்கள் பேசுவதில் பெரும்பகுதி பீட்டில்ஸ் பாட்டுகளின் வரிகளையும் தலைப்புகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தகப்பன் ஒவ்வொரு தையலையும் கண்டுபிடித்துச் சிரிக்கலாம். குழந்தைக்குத் தையலே தெரியாது, முழுத் துணிதான். பாட்டில் விநோதமாக, அர்த்தம் நழுவிக்கொண்டே இருக்கிற ஒரு வரி, இங்கே யாரோ யாரையோ மிரட்டுகிற சாதாரணப் பேச்சாக அவன் காதில் விழுகிறது. இந்தக் காரியத்தின் நேர்த்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பழக்கத்தால் தேய்ந்துபோன வரிகளைப் பேச்சுக்குத் திருப்பிக் கொடுப்பது லேசான வேலையல்ல. நம் புதுக்கவிதைக்காரர்களில் பலருக்கு அது கைவரவில்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கேபிள் வழியே எங்கள் ஊருக்கும் வந்தது. பி.ஏ. ஆங்கிலம் படிக்கும்போது விடுதியில் ஒருவன் பீட்டில்ஸைப் போட்டான். எனக்குக் கேட்டது பாட்டல்ல, வில்லன்களின் வசனம். மூலம், தன் பகடியைத் திருப்பிச் சொல்வதுபோல இருந்தது. என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த வரிசை இப்படித்தான் மாறி அமைந்திருக்கிறது. அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். பாட்டைப் பொறுத்தமட்டில் நஷ்டம் ஒன்றுமில்லை. நாலு தடவை கேட்டால் பாட்டு தன் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிடும்.

மனுஷிக்கு அந்த வசதி இல்லை. யோகோ ஓனோ, லென்னனைச் சந்திப்பதற்கு முன்பே, 1964இல் க்யோட்டோ மேடையில் அசையாமல் உட்கார்ந்து, பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து தன் உடையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு போக விட்டவர். அந்த நிகழ்வை ஒருவர் நிராகரிக்கலாம். நிராகரிக்க அதை அறிந்திருக்க வேண்டும். குழந்தைக்குக் கிடைப்பது நிகழ்வல்ல, தீர்ப்பு: புரியாத கலை செய்கிறவள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைக் கலைத்தவள். குரங்கின் காதலி குரங்காகத்தானே இருக்க முடியும் என்று கதையின் தர்க்கத்தைச் சொல்லிச் சமாதானம் செய்யலாம். டோக்கியோவில் பிறந்த ஒரு பெண்ணைக் குரங்காக வரைய அந்தத் தர்க்கம் எவ்வளவு சௌகரியமாக அமைந்துவிட்டது! புரியாமை என்ற குற்றச்சாட்டை வருஷக்கணக்காகக் கேட்டு வருகிற நமக்கு இந்தச் சிரிப்பின் சத்தம் பரிச்சயமானதாகவே இருக்க வேண்டும்.

குழு உடைந்த கதைக்கு வேறு சரக்கு உண்டு. நிர்வாகி ப்ரையன் எப்ஸ்டைன் 1967 ஆகஸ்டில் இறந்தார். 1968இல் ஆரம்பித்த ஆப்பிள் கம்பெனியின் பணம் நாலா பக்கமும் ஒழுகியது. நிர்வாகத்தை ஆலன் க்ளைனிடம் கொடுப்பதா என்று 1969இல் சண்டை. மூவர் ஒரு பக்கம், மக்கார்ட்னி மறுபக்கம். 1970 டிசம்பர் 31 அன்று மக்கார்ட்னி கோர்ட்டுக்குப் போனார். பேரேட்டைக் கார்ட்டூனில் வரைய முடியாது. ஒரு பெண்ணை வரைந்துவிடலாம். தொடரை உருவாக்கிய கிரெய்க் மெக்ராக்கென் 1971இல் பிறந்தவர். குழு கலைந்ததற்கு மறு வருஷம். ஆக, அவருக்கும் இது செவிவழிச் செய்தியே. பகடி அதிகாரத்தைக் கவிழ்க்கும் என்று நாம் ஐரோப்பிய விமர்சகர்களைப் படித்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். இங்கே பீட்டில்ஸின் பீடம் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. வில்லன்களாக வந்தாலும் அவர்கள் மேதைகள்தான். மிதிபட்டது பீடத்துக்கு வெளியே நின்றவள்.

1969 ஜனவரியில் எடுத்த படச்சுருள்களிலிருந்து பீட்டர் ஜாக்ஸன் 2021இல் ‘கெட் பேக்’கைத் தொகுத்தார். ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஓனோ பெரும்பாலும் லென்னன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பத்திரிகை படிக்கிறார், கடிதங்களைப் பிரிக்கிறார். ஒரு சமயம் மைக்கில் அலறுகிறார். மற்றவர்கள் வாத்தியங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். அதே வருஷம் பி.பி.சி. பேட்டியில் மக்கார்ட்னி, பிரிவை ஆரம்பித்து வைத்தது லென்னன்தான் என்றார். படத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தவணை தவணையாகப் பார்த்து முடித்தேன். கடிதம் பிரிக்கும் அந்தக் கைகள் திரையில் வந்தபோதெல்லாம், குறுக்கே மோகோ ஜோனோ வந்துபோய்க்கொண்டிருந்தாள்.