ரெண்டு நூல்

கள்ளக்குறிச்சிப் பக்கம் போனால் ஏதாவது ஒரு மரச்சிற்பக் கூடத்தில் அரை மணி நேரமாவது நின்றுவிட்டு வருவது என் வழக்கம். வாங்குகிற வசதியெல்லாம் கிடையாது. வேடிக்கைதான். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. போன முறை ஒரு பையன் செதுக்கி வைத்திருந்த அம்மன் முகத்தைப் பெரியவர் ஒருவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘‘டேய், மூக்கு ரெண்டு நூல் தூக்கியிருக்கு பாரு. எறக்கு’’ என்றார். அவ்வளவுதான். பையன் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நூல் தெரியுமில்லையா? ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். தச்சர் கணக்கு.

அன்று மத்தியானம் வெள்ளிமலை பஸ். பக்கத்து ஸீட்டில் ஒரு தம்பி. கல்வராயன் மலைக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு. வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் கம்ப்யூட்டர் படிப்பு. கச்சிராயபாளையம் தாண்டும் வரை கலகலவென்று பேசிக்கொண்டு வந்தான். ‘‘புரோகிராம் எல்லாம் எழுதுவியா?’’ என்று கேட்டேன். சுருதி இறங்கிவிட்டது.

ஓப்பன் சோர்ஸ் என்று ஓர் உலகம் இருக்கிறது. அங்கே சாஃப்ட்வேரின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். எங்கோ இருக்கும் மூத்த புரோகிராமர் ஒருவர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார், அல்லது மறுப்பார். அப்படி ஒரு சாஃப்ட்வேரில், தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும்போது ஒரு கோளாறு இருப்பதை இவன் கண்டுபிடித்திருக்கிறான். சரிசெய்து அனுப்பியிருக்கிறான். பதில் ஒரே வரி. ‘இந்தக் குப்பையை அனுப்பும் முன் அடிப்படையாவது படித்துவிட்டு வா.’

‘‘எங்க தப்புன்னு சொல்லவே இல்ல சார்’’ என்றான்.

ஆறு மாதமாகிறது. அதன்பின் அவன் எங்கேயும் எதையும் அனுப்பவில்லை.

நான் படித்தது பி.காம். எனக்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் இரண்டு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பென்சிலால் டிக் அடித்திருக்கிறேன். ‘இந்தக் கணக்கின் லட்சணமே சரியில்லை’ என்று எந்த ஆடிட்டரும் எழுதமாட்டார். ‘இன்ன தேதியில் இன்ன செலவுக்கு வவுச்சர் இல்லை’ என்றுதான் எழுதுவார். முதல் வாக்கியத்துக்குக் கணக்குப்பிள்ளையால் சண்டை மட்டும்தான் போட முடியும். இரண்டாவதற்கு வவுச்சரைத் தேடலாம். கிடைத்தால் ஆடிட்டரே தன் குறிப்பை அடித்துவிடுவார்.

‘கறாராக இல்லாவிட்டால் தரம் போய்விடும்’ என்று புரோகிராமர்கள் வாதாடுவார்கள். இந்த வாதத்துக்கு வெகுநாள் உதாரண புருஷராக இருந்தவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். தவறான திருத்தம் அனுப்பியவர்களை அவர் மின்னஞ்சலில் வறுத்தெடுத்தது பிரசித்தம். அதே டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தன் பேச்சு பலரைக் காயப்படுத்தியது, சிலரை இந்த வேலையை விட்டே விரட்டியும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். சில வாரம் ஒதுங்கியிருந்துவிட்டு அக்டோபரில் திரும்பினார். அதோடு சாதுவாகிவிட்டார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் விரட்டப்பட்டவர்கள் எழுதியிருக்கக்கூடிய நல்ல புரோகிராம்கள் எந்தக் கணக்கிலும் ஏறாத நஷ்டம் என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டரில் எண் ஒதுக்குகிற ஏற்பாடு யூனிகோடு. 2010-ல் அங்கே கிரந்தத்துக்குத் தனி இடம் கேட்டு ஒரு முன்மொழிவு, தமிழ் எழுத்துகளோடு கிரந்த எழுத்துகளையும் சேர்க்கச் சொல்லி வேறொரு முன்மொழிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி நம் கணினித் தமிழ் வட்டாரத்தில் ஒரே ரகளை. ‘சதி’, ‘துரோகம்’ என்ற சொற்கள் சர்வசாதாரணமாகப் பறந்தன. துரோகி என்று சொல்லிவிட்டால் எதிராளி என்ன பதில் சொல்வார்? ‘நீதான் துரோகி’ என்பார்.

அந்த இரைச்சலுக்கு நடுவே உருப்படியான ஒரு மறுப்பும் இருந்தது. கிரந்தத் தொகுதியில் எ, ஒ, ழ, ற, ன என்ற 5 தமிழ் எழுத்துகளையும் சேர்க்கப் பார்க்கிறார்கள், அவை வேண்டாம் என்பது அது. இது பதில் சொல்லக்கூடிய மறுப்பு. எண்ணிப் பார்க்கலாம், ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். 2014-ல் வந்த யூனிகோடு 7.0-ல் கிரந்தம் தனித் தொகுதியாக இடம்பெற்றது. அந்த 5 எழுத்துகள் அதில் இல்லை. அத்தனை கூச்சலிலும் கடைசிவரை பொருள் இருந்தது இந்த ஒற்றை வாக்கியத்துக்குத்தான் என்பது என் கட்சி.

இணையத்தின் ஆதி காலத்தில் இந்த நாசூக்கு இருந்திருக்கிறது. 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் என்ற கலிஃபோர்னியா மாணவர், கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான விதிகளைப் பற்றி முதல் குறிப்பை எழுதினார். சின்னப் பையன்கள் பெரியவர்களுக்குச் சட்டம் போடுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, ‘கருத்துகள் கோரி’ என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்று 9,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள் அதே பெயரில் சேர்ந்துவிட்டன. இணையம் நடப்பது அவற்றை நம்பித்தான்.

அதற்காகப் புரோகிராமர்கள் குழைந்து குழைந்து பேச வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சிற்பக் கூடத்துப் பெரியவர் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அவர் குறை சொன்னது மூக்கை. எவ்வளவு தப்பு என்பதையும் சொன்னார், என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னார். மலைக்காரத் தம்பிக்கு வந்த பதிலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதோடு, பெரியவர் ‘டேய்’ சொன்னபோது பையன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மின்னஞ்சலில் ‘குப்பை’ என்று வந்தால் எந்த முகத்தைப் பார்ப்பது?

வெள்ளிமலையில் இறங்கும்போது அவனிடம் சொன்னேன். ‘‘தம்பி, திருப்பி ஒரே ஒரு வரி எழுது. எந்த இடத்துல தப்புன்னு கேளு.’’

‘‘ஆறு மாசம் கழிச்சா? எழுதலாமா சார்?’’

‘‘தாராளமா எழுது. குப்பைன்னு சொன்னவருக்கும் திருத்திக்க ஒரு வாய்ப்புக் குடுக்கணுமில்ல.’’