தம்மைத் தாமே தெரிவுசெய்வோர்

ஜனநாயகத்தைப் பிறநாடுகளிற் பரப்புதல் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அத்தொழிலின் முதன்மையான பீடம் வாஷிங்டன் நகரிலுள்ள ‘ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம்’. 1982 ஜூன் மாதத்தில் ரொனால்ட் ரேகன் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் முன் ஆற்றிய உரையிலே கருக்கொண்டு, 1983இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் உருப்பெற்றது அது. அதன் திட்டங்களை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதியவர் பலர். எனினும், ஒரு ஸ்தாபனத்தின் இயல்பை அதன் பிரகடனங்களிலே தேடுவதைக் காட்டிலும், அதன் பணிப்பாளர் சபையில் யார் யார் அமர்ந்தனர், அவர்களை அமர்த்தியவர் யார் என்று நோக்குவதே பயனுடையது என்பது எனது கருத்து.

சட்டத்தின் கண்ணில் இந்நிதியம் அரசாங்கத் திணைக்களமன்று. இலாப நோக்கற்ற தனியார் ஸ்தாபனம். பணமோ ஏறத்தாழ முழுவதும் காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்குவது. 2024ஆம் நிதியாண்டில் அது 31.5 கோடி டொலர். இதில் கணிசமான பகுதி நான்கு துணை நிறுவனங்களைச் சேர்கின்றது. ஒன்று ஜனநாயகக் கட்சி சார்ந்தது. ஒன்று குடியரசுக் கட்சி சார்ந்தது. ஒன்று வர்த்தகச் சம்மேளனத்தின் கிளை. மற்றையது பெருந் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கிளை. முதலாளியும் தொழிற்சங்கத் தலைவரும் ஒரே மேசையிலமர்ந்து உடன்படக்கூடியது எதுவோ, அதுவே இங்கு ஜனநாயகம் என்ற பெயரைப் பெறுகின்றது. நிலமும் ஆலையும் யாருக்குரியவை என்ற கேள்வி அம்மேசைக்கு வருவதேயில்லை.

இனிப் பணிப்பாளர் சபைக்கு வருவோம். புதிய உறுப்பினரைத் தெரிவுசெய்வோர் ஏற்கனவே சபையிலுள்ள உறுப்பினரே. அமெரிக்க வாக்காளருக்கோ, பணம் சென்று சேரும் நாடுகளின் மக்களுக்கோ இதில் வாக்கில்லை. இதற்கு ஆதரவாளர் கூறும் நியாயம் ஒன்றுண்டு. அதனை அலட்சியஞ் செய்தலாகாது. ஜனாதிபதி நியமிக்கும் சபையாயின் அது அவரது கைப்பாவையாகும். தம்மைத் தாமே தெரிவுசெய்யும் சபையே அரசாங்கத்திடமிருந்து விலகி நிற்கும் என்பர். வாதம் நன்று. ஆனால், விலகி நிற்போர் யார்?

ஹென்றி கிசிஞ்சர் எண்பதுகளில் இச்சபையில் உறுப்பினர். சிலி மக்கள் 1970இல் வாக்களித்துத் தெரிந்த சல்வடோர் அலெண்டேயின் ஆட்சியை நிலைகுலைக்க முனைந்த கொள்கையின் தலைமைச் சிற்பிகளுள் ஒருவர் அவர். எலியட் ஏப்ரம்ஸ், காங்கிரஸிடமிருந்து உண்மைகளை மறைத்த குற்றத்தை 1991இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு மன்னிப்புப் பெற்றவர். மக்கள் பிரதிநிதிகளிடம் மறைத்தவர் மக்களாட்சியைப் போதிக்கும் சபையில் இடம்பெற்றார். 2018இல் தலைவராகிய அன்ட்ரூ கார்ட், ஈராக் யுத்தகாலத்தில் வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரி. யுத்தத்துக்கான பிரசாரம் 2002 செப்டெம்பர்வரை ஏன் தாமதித்தது என்று வினவியபோது, ஆகஸ்ட் மாதத்திற் புதிய சரக்கை எவரும் சந்தைக்குக் கொண்டுவருவதில்லை என்ற பொருள்பட விடையளித்தவர் அவரே. (ஒரு யுத்தத்தைச் சரக்கென்று பேசும் மொழியை இலக்கிய மாணவர் கூர்ந்து நோக்குவாராக.) இராஜாங்கத் திணைக்களத்தின் உயர் பதவியை 2024இல் விட்டு நீங்கிய விக்டோரியா நூலண்ட் அவ்வாண்டே சபையிற் சேர்ந்தார். கதவு ஒன்றுதான், ஒருபுறம் அரசு, மறுபுறம் நிதியம்.

இத்தகைய ‘தனியார்’ முயற்சிகளை இலக்கிய உலகம் முன்னரே கண்டதுண்டு. கலாசாரச் சுதந்திரக் காங்கிரஸும் அதன் ‘என்கவுண்டர்’ சஞ்சிகையும் மத்திய உளவு ஸ்தாபனத்தின் பணத்தைப் பெற்றமை 1967இல் அம்பலமாகி, கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் ஆசிரியர் குழுவிலிருந்து விலகினார். நிதியத்தை வகுத்தோருள் ஒருவரான அலன் வைன்ஸ்டீன், தாம் இன்று செய்வனவற்றுட் பல இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வுளவு ஸ்தாபனம் இரகசியமாகச் செய்தவையே என 1991இல் வெளிப்படையாகவே கூறினார். இரகசியம் பகிரங்கமாயிற்று, அது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை.

நிதியம் செய்தனவெல்லாம் தீமையென்று கூறுவதும் விமர்சனமாகாது. 1988இல் பினோஷேயை வீழ்த்திய சிலி வாக்கெடுப்பில் வாக்காளரைத் திரட்ட அதன் பணம் உதவிற்று. வெனிசுவேலாவில் 2002 ஏப்ரலில் சாவேஸ் கவிழ்க்கப்பட்டபோது, குடியரசுக் கட்சி சார்ந்த துணை நிறுவனத்தின் தலைவர் அதனைப் பாராட்டி அறிக்கை விடுத்தார்; நிதியத்தின் தலைவர் கார்ல் கேர்ஷ்மன் அவரைக் கண்டித்தார். ஆனால், அத்துணை நிறுவனம் நால்வருள் ஒருவராகவே தொடர்ந்தது. தேர்தலால் வந்த ஆட்சியைச் சதியால் வீழ்த்துதலைப் பாராட்டியோர்க்குக் கண்டனம் ஒன்றே போதுமென்று கருதிய சபையின் அளவுகோலை நாம் வேறெங்கும் ஏற்போமா?

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ட்ரம்ப் அரசாங்கம் பணத்தை நிறுத்தியது. அப்போது சபைத் தலைவராக இருந்தவர் பீட்டர் ரோஸ்கம். அதே கட்சியின் முன்னாட் காங்கிரஸ் உறுப்பினர். அதுவும் உதவவில்லை. மார்ச்சில் நிதியம் வழக்குத் தொடுத்தது. ஆகஸ்டில் நீதிமன்றம் அதற்குச் சார்பாக இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. நாற்பது ஆண்டுகளாகத் தனியார் ஸ்தாபனமென்று பேசப்பட்டது, அரசின் பணம் நின்றதும் சில வாரங்களிலேயே ஊழியரை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது.

நமது நண்பர் சிலர் இதுகேட்டு மகிழ்ந்தனர். அவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். வெட்டிய கை தொழிலாளரின் கையன்று. அடிபட்டோரும் கிசிஞ்சரின் வாரிசுகளல்லர்; அவர்கள் வேறு சபைகளில் அமர்வர். அடிபட்டோர் தூரத்து நாடுகளிற் சிறு பத்திரிகை நடத்துவோரும், தொழிற்சங்கம் அமைப்போரும், சிறைப்பட்டோருக்காக வழக்காடுவோருமே. ரஷ்ய அரசு 2015இல் இந்நிதியத்தை ‘விரும்பத்தகாத ஸ்தாபனம்’ என அறிவித்தது. அதனோடு தொடர்பு கொள்ளும் ரஷ்யர் தண்டனைக்குரியவராயினர். பணத்தைக் கொடுப்பதா என்பது வாஷிங்டனில் முடிவாகின்றது; வாங்கியமைக்கான வழக்கு மொஸ்கோவில் நடக்கின்றது. அவ்வழக்கில் நிற்பவர்களுள் ஒருவருக்கேனும் பணிப்பாளர் சபைத் தெரிவில் வாக்கு வழங்குவது பற்றி நிதியத்தின் விதிகள் எதுவுங் கூறவில்லை.